இறுக்கிப் பிடி, இளக விடு

2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சக்தி மிகுந்த மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரில் ஐபோனைப் பொருத்துவது நல்லதல்ல. எஞ்சினின் அதிர்வு நாளடைவில் கேமராவைக் கெடுத்துவிடலாம் என்றது அது. சிறிய மொபெட்டிலும் மின்சார ஸ்கூட்டரிலும்கூட அதிர்வைத் தணிக்கும் ஹோல்டரில்தான் மாட்ட வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. மேசையிலிருந்து விழுந்தாலும் பிழைக்கிற, தண்ணீரில் மூழ்கினாலும் தாங்குகிற கருவி. அதற்கு ஒரு பைக்கின் நடுக்கம் எமனாகும் என்றால், அந்த நடுக்கத்துக்குள் என்னதான் இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் அவசரம் அதிகம். உணவு கொண்டுவரும் இளைஞரின் வண்டியில், பைக் டாக்ஸியில், கூரியர்காரரின் ஸ்கூட்டரில் வழி காட்டுவது போன்தான். அந்த போன் உடைந்தால் அன்றைய வருமானமும் போயிற்று. அதைத் தாங்கி நிற்கும் மொபைல் ஹோல்டர் சில நூறு ரூபாய்ப் பொருள். ஆனால் அதன் தலையில் ஒன்றோடொன்று மோதும் இரண்டு வேலைகள் இருக்கின்றன. காற்றுக்கும் குழிக்கும் அசையாமல் போனை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதே நேரத்தில் எஞ்சினின் நடுக்கம் போனுக்குப் போய்ச் சேராதபடி இளகியும் கொடுக்க வேண்டும். ஒரே பொருள் இரண்டையும் எப்படிச் செய்கிறது என்பதைப் பார்க்க, முதலில் எஞ்சினுக்குள் போக வேண்டும்.

ஒற்றை சிலிண்டர் கொண்ட 150 சி.சி. பைக்கை எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் கொஞ்சம் விரட்டினால் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும். அதாவது நொடிக்கு 100. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை நின்று திரும்புகிறது. ஒரு நொடியில் 200 முறை நின்று, 200 முறை மீண்டும் பாய்கிறது. மேல்முனையில் அது திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போலச் சுமார் 1,500 மடங்கு. பிஸ்டனின் எடை 100 கிராம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் அது கிராங்க் ஷாஃப்ட் எனும் சுழல்தண்டை 150 கிலோ விசையோடு இழுக்கிறது. இரண்டு பெரியவர்களின் எடை, நம் கால்களுக்கு நடுவே, நொடிக்கு நூறு முறை மேலும் கீழுமாக இழுபடுகிறது.

இதை எஞ்சின் வடிவமைப்பாளர்கள் சும்மா விட்டுவிடவில்லை. கிராங்க் ஷாஃப்டில் பிஸ்டனுக்கு எதிர்ப்புறம் ஓர் எடையை வைத்தார்கள். பிஸ்டன் மேலே போகும்போது எடை கீழே வரும்; இழுப்பு குறையும். ஆனால் அந்த எடை வட்டமாகச் சுற்றுவது. பிஸ்டன் பாதி வழியில் இருக்கும்போது எடை பக்கவாட்டில் இருக்கும், அங்கே அதை எதிர்க்க எதுவுமில்லை. மேல்கீழ் நடுக்கத்தில் ஒரு பங்கு இப்படிப் பக்கவாட்டு நடுக்கமாக இடம் மாறிவிடுகிறது. இதற்கும் ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள்: கிராங்குக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுற்றும் இன்னொரு எடைத்தண்டு. பேலன்சர் ஷாஃப்ட் என்று பெயர். இரண்டின் பக்கவாட்டு இழுப்புகளும் ஒன்றையொன்று தின்றுவிடும். சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டின் 350 சி.சி. எஞ்சினுக்கு இந்தத் தண்டு 2020இல் வந்த மீட்டியோர் வண்டியில்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய 350ஐ ஓட்டியவர்களின் உள்ளங்கைக்கு வித்தியாசம் தெரியும். இந்தத் தண்டு இருந்தாலும் நடுக்கம் முழுதாகப் போவதில்லை. எஞ்சின் வேகத்தைப் போல இரண்டு மடங்கில் துடிக்கும் ஒரு மெல்லிய நடுக்கம் மிஞ்சிக்கொண்டே இருக்கும்.

மிஞ்சியது சேஸியில் ஏறி, ஹேண்டில்பாருக்கு வருகிறது. ஹேண்டில்பார் என்பது பெரும்பாலான வண்டிகளில் 22 மி.மீ. விட்டமுள்ள வெற்றுக் குழாய். நடுவில் மட்டும் இறுக்கப்பட்டு, இரு பக்கமும் அந்தரத்தில் நீண்டிருக்கிறது. நடுவில் இருப்பதைவிட நுனியில் ஆட்டம் அதிகம். கைப்பிடியின் நுனியில் கனமான இரும்புக் கட்டியொன்று திருகப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு வைத்தது என்று பலர் நினைக்கும் அந்த பார் எண்ட் வெயிட், குழாயின் ஆட்டத்தை அடக்குவதற்காகவே அங்கே இருக்கிறது.

இந்த ஆட்டத்தின் அளவு கண்ணுக்கே தெரியாது. ஒரு தலைமுடியின் தடிமன், 0.1 மி.மீ. என்று வைப்போம். ஆனால் அது நொடிக்கு 100 முறை நடக்கிறது. நொடிக்கு எத்தனை முறை என்ற எண்ணிக்கையை அலைவெண் என்கிறோம். அதன் அலகு ஹெர்ட்ஸ். 100 ஹெர்ட்ஸில் முடியளவு ஆட்டம் தரும் முடுக்கம், புவியீர்ப்பைப் போல நான்கு மடங்கு. 200 கிராம் போனை 800 கிராம் எடை ஒரு பக்கமாக இழுக்கிறது, நொடியின் அடுத்த இருநூறில் ஒரு பங்கில் எதிர்ப்பக்கமாக இழுக்கிறது. ஒரு மணி நேரப் பயணத்தில் இது 3,60,000 முறை நடந்து முடிந்திருக்கும்.

போனுக்குள் இந்த அடியை வாங்குவது கேமரா லென்ஸ். படம் எடுக்கும்போது நம் கை நடுங்குகிறது அல்லவா? அதை ஈடுகட்ட, லென்ஸை முடியைவிட மெல்லிய ஸ்பிரிங்குகளில் மிதக்க விட்டிருக்கிறார்கள். போனுக்குள் இருக்கும் கைரோஸ்கோப் எனும் திருப்பம் உணரும் சில்லு, கை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லும். உடனே சிறு காந்தச் சுருள்கள் லென்ஸை எதிர்ப்பக்கம் நகர்த்தும். ஒளியியல் பட நிலைநிறுத்தம் என்ற இந்த ஏற்பாட்டால்தான் இருட்டிலும் தெளிவான படம் கிடைக்கிறது. கை நடுங்குவது நொடிக்குச் சுமார் பத்து முறை. ஸ்பிரிங்குகள் அதற்காகச் செய்யப்பட்டவை. நூறு ஹெர்ட்ஸில் மணிக்கணக்கான அடியை அவை எதிர்பார்க்கவில்லை. கேமராவை நாம் திறக்காவிட்டாலும் லென்ஸ் உள்ளே மிதந்தபடிதான் இருக்கிறது, ஆகவே வழி மட்டும் பார்த்துக்கொண்டு போனாலும் அடி விழும்.

சரி, எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. இனி ஹோல்டரின் முதல் வேலை: இறுக்கிப் பிடிப்பது. காற்றிலிருந்து தொடங்கலாம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், நிமிர்ந்து நிற்கும் ஒரு போனின் முகத்தைக் காற்று அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான விசையோடு பின்னுக்குத் தள்ளும். 50 கி.மீ. வேகத்தில் அது பாதியாகாது, நான்கில் ஒன்றாகிவிடும். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஊருக்குள் மாதக்கணக்கில் அசையாமல் நின்ற ஹோல்டர் நெடுஞ்சாலையில் முதல் நாளே தலை குனிவதற்கு இதுதான் காரணம்.

போனை எந்தப் பக்கமும் சாய்க்க வேண்டும், சாய்த்த இடத்தில் அது நிற்கவும் வேண்டும். இதற்கு மிக நேர்த்தியான விடைகளில் ஒன்றை 1990களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஜெஃப் கார்னிவாலி உருவாக்கினார். ஹேண்டில்பாரில் ஓர் உருண்டை, போனின் முதுகில் ஓர் உருண்டை. இரண்டுமே ரப்பர் போர்த்தியவை. இரண்டையும் கவ்வும் ஒரு கை, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தது. அதன் நடுவில் ஒரே ஒரு திருகுப்பிடி. அதைத் தளர்த்தினால் இரு மூட்டுகளும் விடுபடும். போனை எந்தக் கோணத்துக்கும் கொண்டுபோகலாம். முடுக்கினால் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். மீன்பிடி படகிலிருந்து போலீஸ் வாகனம்வரை இன்று இந்த உருண்டை மூட்டைப் பார்க்கலாம்.

பிடிமானத்தின் உயிர் போல்ட்டில் இருக்கிறது. அல்லன் கீயால் ஒரு 5 மி.மீ. போல்ட்டை முடுக்குகிறீர்கள். கீயின் நுனியில், பத்து சென்டிமீட்டர் தள்ளி, ஐந்து கிலோ விசை கொடுத்தால் போதும். போல்ட்டுக்குள் எழும் இழுவிசை ஏறத்தாழ 500 கிலோ! மரை என்பது ஓர் உருளையைச் சுற்றிக்கொண்ட சாய்தளம். சிறிய விசையோடு நீண்ட தூரம் சுற்றினால், பெரிய விசையோடு சிறிது தூரம் இழுக்கும். அந்த இழுப்பில் இரும்பு போல்ட் நீள்கிறது. இரண்டு சென்டிமீட்டர் போல்ட் நீளும் அளவு வெறும் 0.03 மி.மீ. சுருங்கத் துடிக்கும் அந்த நீட்சிதான் பாகங்களை ஒன்றோடொன்று அழுத்தி வைத்திருக்கிறது. முடுக்கிய போல்ட் ஒரு கடினமான ஸ்பிரிங்.

இதிலிருந்து ஒரு விபரீதமும் பிறக்கிறது. உலோகத்தோடு உலோகம் சேர்ந்த இணைப்பில், அந்த 0.03 மி.மீ. நீட்சியை இழக்க போல்ட் சுமார் 15 டிகிரி பின்னால் சுழன்றால் போதும். கடிகாரத்தின் பெரிய முள் இரண்டரை நிமிடத்தில் நகரும் தூரம் அது. கண்ணுக்குப் பட்டும் படாமலும் திரும்பிய ஒரு போல்ட், தன் அரை டன் பிடியை முழுக்க விட்டிருக்கும். போல்ட் தலைக்கடியில் தடித்த பெயின்ட்டோ மென்மையான பிளாஸ்டிக்கோ இருந்தால் போல்ட் திரும்பவே வேண்டாம். அந்த மென்மையான அடுக்கு அவ்வளவு அமுங்கினாலே கதை முடிந்தது.

யாரும் தொடாமல் போல்ட் எப்படித் தானாகத் திரும்புகிறது? 1969இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் இதற்கு விடை சொன்னார். போல்ட்டின் நீளவாக்கில் குலுக்குவதைவிட, குறுக்காகக் குலுக்குவதே அதை வேகமாகக் கழற்றுகிறது என்று சோதனை வைத்துக் காட்டினார். உராய்வு ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் எதிர்க்கும். இணைப்பு பக்கவாட்டில் வழுக்கும் கணத்தில் உராய்வு முழுவதும் அந்த வழுக்கலை எதிர்ப்பதில் செலவாகிவிடுகிறது. சுழற்சியைத் தடுக்க எதுவும் மிச்சமில்லை. சுருங்கத் துடிக்கும் போல்ட் மரையின் சாய்தளத்தில் கொஞ்சம் இறங்கிவிடும். அடுத்த குலுக்கலில் இன்னும் கொஞ்சம். போல்ட்டுகளைக் குறுக்காகக் குலுக்கிச் சோதிக்கும் முறைக்கு இன்றும் அவர் பெயர்தான். அந்தச் சோதனையில் நாம் நம்பிப் போடும் சாதாரண ஸ்பிரிங் வாஷர் பெரிதாக எதையும் சாதிப்பதில்லை.

சாதிப்பது ஒரு திரவம். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்து டிரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் 1953இல் அதை உருவாக்கினார். லாக்டைட் என்ற பெயரில் உலகெங்கும் போனது. பெரும்பாலான பசைகள் காற்றுப் பட்டால் காயும். இது காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை காயாது! ஆக்ஸிஜன் இருக்கும்வரை திரவமாகவே இருக்கும். மரைகளுக்கிடையே காற்றில்லாத சந்தில் அகப்பட்டு, இரும்பையும் தொட்டால், அதன் மூலக்கூறுகள் கைகோத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்காக மாறிவிடும். மரைகள் குறுக்காக வழுக்கவே இடமிருக்காது. அந்தச் சிறு புட்டியை வாங்கிப் பார்த்தால் அது நிறைந்திருக்காது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. உள்ளே காற்று இல்லையென்றால் மருந்து புட்டியிலேயே கெட்டியாகிவிடும் என்பதால் வேண்டுமென்றே இடம் விட்டிருக்கிறார்கள். ஹோல்டருக்கு நீல நிற வகை போதும், பின்னால் கருவி கொண்டு கழற்றலாம். சிவப்பு வகையைக் கழற்றச் சூடுகாட்ட வேண்டியிருக்கும். ஒரு ஜாக்கிரதை: இதை உலோக மரையில் மட்டுமே இட வேண்டும். பல பிளாஸ்டிக்குகளில் பட்டால் அவை நாளடைவில் விரிசல் விடும்.

இறுக்கியாயிற்று. இப்போது புதிய சிக்கல். இவ்வளவு கச்சிதமாக இறுக்கிய ஹோல்டர், எஞ்சினின் நடுக்கத்தையும் அதே கச்சிதத்தோடு போனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இரண்டாவது வேலை இங்கே தொடங்குகிறது.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நீளமான ரப்பர் பேண்டில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். கையை மெல்ல மேலும் கீழும் அசைத்தால் பூட்டு கூடவே வரும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு தாளத்தில் பூட்டு கையைவிடப் பல மடங்கு எம்பிக் குதிக்கும். இன்னும் வேகமாக அசையுங்கள். கை படபடக்க, பூட்டு நின்ற இடத்தில் நிற்கும்! பூட்டு நகரத் தொடங்குவதற்குள் கை திரும்பிவிடுகிறது. பூட்டு குதித்த அந்தத் தாளத்தை இயல்பு அலைவெண் என்றும், குதிப்பை ஒத்ததிர்வு என்றும் சொல்வார்கள். அதிர்வு இயல்பு அலைவெண்ணைப் போல 1.4 மடங்கைத் தாண்டிய பிறகுதான் ரப்பர் தணிக்கத் தொடங்கும். அதற்குக் கீழே அது நடுக்கத்தைப் பெருக்கவே செய்யும்.

அதிர்வு தணிக்கும் ஹோல்டரில் இருப்பதும் இதுதான். இறுகிய கைக்கும் போன் தட்டுக்கும் நடுவே சில சிலிக்கோன் ரப்பர் புஷ்கள். போன் அவற்றின்மேல் மிதக்கிறது. அதன் இயல்பு அலைவெண்ணை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஓர் அளவுகோல் போதும். போனை வைத்ததும் ரப்பர் எவ்வளவு அமுங்குகிறது என்ற ஒரே எண் ஏறத்தாழ எல்லாவற்றையும் சொல்லிவிடும். 2 மி.மீ. அமுங்கினால் இயல்பு அலைவெண் சுமார் 11 ஹெர்ட்ஸ். எஞ்சினின் 100 ஹெர்ட்ஸ் அதற்கு ஒன்பது மடங்கு மேலே இருக்கிறது. கணக்கின்படி நடுக்கத்தில் எண்பதில் ஒரு பங்குதான் போனைத் தொடும்.

0.5 மி.மீ. மட்டும் அமுங்கும் விறைப்பான ரப்பர் என்றால்? இயல்பு அலைவெண் 22 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். சிக்னலில் நிற்கும் வண்டி நிமிடத்துக்கு 1,400 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும், அதாவது நொடிக்கு 23. இரண்டும் ஒன்றாகப் பொருந்திவிட்டன. சாலையில் அமைதியாக வந்த போன் சிக்னலில் நின்றதும் படபடவென்று ஆடுவதன் ரகசியம் இந்த ஒத்ததிர்வுதான்.

அப்படியானால் ரப்பரை இன்னும் மென்மையாக்கலாமே? ஆக்கினால் வேகத்தடையில் போன் துள்ளிக் குதிக்கும், திரையைத் தொட்டால் நழுவும். துள்ளலை அடக்க, ஆற்றலை உள்ளேயே உராய்ந்து தின்னும் ரப்பர் வேண்டும். அந்த உராய்வு கூடிவிட்டால் வேகமான நடுக்கமும் அதன் வழியே கசிந்து ஏறும். விறைப்பு, மென்மை, உள்ளுராய்வு மூன்றையும் ஒரு குறிப்பிட்ட எடைக்கு ஏற்ப அமைப்பதுதான் நல்ல ஹோல்டர் செய்பவரின் திறமை. அதனால்தான் போனோடு கனமான பவர் பேங்கையும் அதே தட்டில் கட்டினால் அந்தச் சமநிலை குலைகிறது.

எங்கே பொருத்துவது என்பதிலும் அறிவியல் இருக்கிறது. ஹேண்டில்பாரின் நடுவே, இறுக்கப்பட்ட இடத்துக்கு அருகில் ஆட்டம் குறைவு. கண்ணாடித் தண்டில் மாட்டினால் நுனியாட்டத்தோடு தண்டின் ஆட்டமும் சேரும். பார்வைக்கோட்டுக்கு எவ்வளவு அருகிலோ அவ்வளவு நல்லது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இரண்டு நொடி கண்ணைத் தாழ்த்தினால் வண்டி 33 மீட்டரைப் பார்க்காமலே கடந்திருக்கும். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தமும், ஓட்டும்போது கைக்கருவியை வழி அறிய மட்டும், கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்றே சொல்கிறது.

போனுக்கு வானமும் தெரிய வேண்டும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 முதல் ஏவப்பட்ட இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள்கள் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. ஜி.பி.எஸ். சிக்னல் நம்மை வந்தடைய 0.07 நொடி ஆகிறது. அந்த நேரத்தை எண்ணுவதில் ஒரு நொடியின் நூறு கோடியில் மூன்று பங்கு பிசகினால் கணக்கில் ஒரு மீட்டர் பிசகும். வந்து சேரும்போது அந்தச் சிக்னலின் வலு, ஒரு வாட்டைப் பத்தாயிரம் லட்சம் கோடியால் வகுத்தால் கிடைப்பது போன்ற அற்பம். ஹோல்டரின் உலோகத் தாடைகள் போனின் விளிம்புகளை மூடிக்கொள்ளாமல் இருப்பது நல்லது என்பதற்கு இந்தச் சன்னமான சிக்னலே காரணம்.

இத்தனை சிக்கலையும் ஒரே எட்டில் தாண்டும் வழியும் உண்டு. மீட்டியோர் 350இல் ராயல் என்ஃபீல்டு ஒரு சிறிய வட்டத் திரையை வைத்தது. டிரிப்பர் என்று பெயர். திருப்பங்களை மட்டும் அம்புக்குறியாகக் காட்டும். அதில் கேமரா கிடையாது, மிதக்கும் லென்ஸ் கிடையாது. கணக்குப் போடும் போன் சட்டைப்பையில் இருந்துகொண்டு புளூடூத்தில் பேசும். நம் உடலின் சதையைவிடச் சிறந்த அதிர்வுத் தணிப்பான் அந்த வண்டியில் வேறில்லை.

டிரிப்பர் இல்லாத லட்சக்கணக்கான வண்டிகளுக்கு ஹோல்டர்தான் துணை. அதைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். போல்ட் தலையிலும் அதை ஒட்டிய உலோகத்திலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். கோடு உடைந்திருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது. போனை வைத்ததும் ரப்பர் ஒன்றிரண்டு மில்லிமீட்டராவது அமுங்குகிறதா என்று பாருங்கள். சிக்னலில் நிற்கும்போது திரையிலுள்ள எழுத்து மங்கினால் அங்கே ஒத்ததிர்வு இருக்கிறது. ஹோல்டர் கைவிட்டாலும் போன் தரையில் விழாதபடி ஒரு கயிற்றால் ஹேண்டில்பாரோடு கட்டிவையுங்கள். ஹேண்டில்பாரைக் கவ்வும் இடத்தில் விட்டுக்கொடுக்காத இறுக்கம், போனைத் தாங்கும் இடத்தில் அளந்து கொடுத்த இளக்கம் என்ற இரண்டும் அதனதன் இடத்தில் இருந்தால், சில நூறு ரூபாய் ஹோல்டரும் பல ஆயிரம் ரூபாய் போனைப் பல ஆண்டுகள் பத்திரமாகச் சுமக்கும்.